கத்தி பட்டால் பரவும்

சனிக் கோளின் நிலவு டைட்டன், பாறை ஆய்வு நிலையம். பதிபவர் செண்பகவல்லி. இங்கே நான் ஒருத்திதான்.

நாள் 212, காலை
காற்று சீர். பாறைத் துண்டுகள் நாலு எடுத்தேன். வலது தொடையில் குடைச்சல். கை கால் உள்ள வைத்தியப் பொறி படம் பிடித்துக் காட்டியது: எலும்பின் நடுவில் ஓட்டை. மூன்று வருஷம் முன்பு வெட்டியெடுத்த குடல் புற்றுக்கட்டி, எலும்பில் வந்து குடியேறியிருக்கிறது. இது அபூர்வமாம். அதற்கும் நான்தான் கிடைத்தேன்! கெட்ட இடத்தை அறுத்தெறிந்து கம்பி இறக்கினால் நடக்கலாம். இல்லாவிட்டால் எலும்பு முறியும். என்னைக் கூட்டிப்போக வரும் கலத்தில் ஏணி ஏற முடியாது. இங்கேயே சாக வேண்டியதுதான்.

நாள் 212, மாலை
பொறி கத்தியைத் தொட மறுக்கிறது. சொந்தக்காரர் வாயால் சம்மதம் வேண்டுமாம். தொடங்கினால் நிறுத்தவும் அவரே சொல்ல வேண்டும். நோயாளி பேச்சு செல்லாது. எந்த மகராசன் எழுதிய சட்டமோ! பூமிக்கு, அண்ணன் அழகுமுத்துவுக்குச் செய்தி அனுப்பினேன். போக ஒண்ணேகால் மணி நேரம், வரவும் அவ்வளவு.

நாள் 213
அண்ணன்: “ஏட்டி, கத்தி பட்டா பரவிரும்னு எல்லாரும் சொல்லுதாவ. மாமாட்ட கேட்டேன், சித்தப்பாட்ட கேட்டேன். ஒருத்தரும் சரிங்கல. எண்ணெய் போட்டு நீவிக்கோ.”
நான்: “அண்ணே, எலும்பு கரையான் தின்ன கட்டையா கெடக்கு, நீ அங்க பஞ்சாயத்து வைக்க! ‘சரி’ன்னு ஒத்தச் சொல்லு சொல்லித் தொலை.”

நாள் 215
பதிலே இல்லை. குனிந்தேன், முறிந்துவிட்டது. முனை தோலைக் கிழித்து வெளியே நிற்கிறது. தரையெல்லாம் ரத்தம். இருந்த ஒரே மரப்பு ஊசியைக் குத்திக்கொண்டு ரம்பத்தை நானே எடுத்தேன். எலும்பைப் பாதி அறுத்தேன். பொறி பாய்ந்து என் கையை முறுக்கியது. தன்னைத் தானே அறுக்கக் கூடாதாம்! சுத்தியலால் அதன் கண்ணை நொறுக்கினேன். அது என் மணிக்கட்டை நொறுக்கியது. மேஜையோடு கட்டிப்போட்டு, ரத்தம் நிற்கத் தொடைக்கு மேலே வார் இறுக்கிவிட்டது. வாயால் பதிகிறேன்.

அதே நாள்
மரப்பு விட்டுவிட்டது. கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது.
அண்ணன்: “ஏட்டி செண்பகம், பேசி முடிச்சாச்சு. சரி, அறுக்கச் சொல்லு. பாதியில விட்டுறக் கூடாது, முழுசா முடிக்கணும். எல்லாரும் இங்கனதான் இருக்கோம்.”
பொறி கேட்டுவிட்டது. ரம்பம் சுழல்கிறது. கண் இல்லாமல் தடவித் தடவி வருகிறது.
“அண்ணே, நிறுத்தச் சொல்லு!” அனுப்பிவிட்டேன். போக ஒண்ணேகால் மணி.
அடேய், அது இல்லை. அது இடது கால். அது நல்ல கா