ஆளில்லாத பாறை

அண்ணாமலை நகர்,
5 ஜனவரி 2025

என் பிரிசி,

உங்கள் மேல்தும்பைக்கு டவர் வருவதற்குள் நமக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அது உன்னிடமே அஞ்சாம் வகுப்புப் படித்துவிடும். அதனால்தான் பேனா. லாட்ஜில் பக்கத்து ரூம் டேவிட் ராஜ் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் மச்சான், இந்தக் காலத்துல லெட்டர் எழுதுற? உன் ஆளு ஜெயில்லயா இருக்குது?" என்கிறான். "மலைல டீச்சரா இருக்குது, ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன்.

சேதி இதுதான். வீடியோ ஓடிவிட்டது! தீபாவளி லீவில் நாம் சேத்தியாத்தோப்புப் பாலத்தில் கிளம்பி, வெள்ளாற்றங்கரையோடு பைக்கில் போய், மணிமுக்தாற்றைப் பிடித்துக் கல்வராயன் மலை ஏறினோமே, அதை மூன்று பாகமாகப் போட்டேன். அருவியை ஒருத்தனும் சீந்தவில்லை. கொண்டை ஊசி வளைவுகள் சுமார். கடைசிப் பாகம், உன் ஊர்ப் பாறை, லட்சக்கணக்கில் போய்க்கொண்டிருக்கிறது. 'ஆளே இல்லாத வியூபாயிண்ட்' என்று பேர் வைத்தேன். பள்ளத்தாக்கு முழுக்க மேகம், மேகம் விலகும் இடத்தில் ஆறு, பாறை மேல் ஈ காக்கை இல்லை. மேப்பிலும் குறித்துவிட்டேன்.

அன்றைக்கு நீ முறைத்தது மறக்கவில்லை. பட்டம்மாள் அக்கா அங்கே சாமை அடித்துக்கொண்டிருந்தார். செருப்போடு ஏறப் போன என்னை, "ஏம்பா, சோறு வெளயிற எடம். கழட்டிட்டு ஏறு" என்று அதட்டினார். கழற்றினேன். "கொஞ்சம் ஒதுங்கிக்கக்கா, ஒரே ஒரு ஷாட்டு" என்று நான் கேட்டதும் முறத்தை எடுத்துக்கொண்டு, மற்ற பெண்களையும் கூட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டார். நல்ல மனுஷி. நான் கேட்டேன் என்று சொல்.

எம்.எஸ்ஸி. படித்தவனைக் கொரியர் பையைத் தூக்க விடும் நாட்டில், ஒரு பாறைதான் எனக்குச் சோறு போடும் போல. கடலூரில் ஒரு டூரிஸ்ட் கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. இனி உன் அப்பா "பையன் என்ன பண்றான்?" என்று கேட்டால் பதில் இருக்கிறது.

உன்,
சேரன்

•

மேல்தும்பை,
19 ஜனவரி 2025

அன்புச் சேரா,

பூசைக்குப் போக முடியாத இன்னொரு ஞாயிறு. அதனால் உனக்கு எழுதுகிறேன். வேலை சேதி சந்தோஷம். அப்பாவிடம் நீயே சொல். "உன் மருமவன் பேச்சு நல்லா சூடாத்தான் இருக்குது, காரியம் எப்பிடி?" என்று பங்குக் கோயிலில் யாரோ அவரைக் கேட்டார்களாம். சொல்லிச் சொல்லிக் காட்டுகிறார்.

வீடியோவை நான் பார்த்துவிட்டேன். பொங்கலுக்குச் சுற்றிப்பார்க்க வந்த பையன்கள் போனில் இறக்கி வைத்திருந்ததைக் காட்டினார்கள். காணும் பொங்கலன்று மட்டும் பள்ளிக்கூடத்துச் சுவர் நெடுக பைக். சாமைக் கதிரைக் காயப்போட்ட இடத்தில் நின்று பிறந்தநாள் கேக் வெட்டினார்கள். மறுநாள் பார்த்தால் பாறை முழுக்கப் பாட்டில் சில்லு.

சேரா, சாமை எவ்வளவு சின்னது என்று உனக்குத் தெரியும். அதில் கண்ணாடித் தூள் கலந்தால் எந்த முறத்தால் புடைப்பது? பட்டம்மாள் அக்கா ஒரு மூட்டையை அப்படியே பள்ளத்தில் கொட்டினார். கோழிக்குக்கூடப் போடவில்லை. "உங்க ஊட்டுக்காரரு பரவால்ல டீச்சர், செருப்பையாவது கழட்டுனாரு" என்றார். அவருக்கு இதெல்லாம் உன்னால் என்று தெரியாது. நான் சொல்லவில்லை.

இன்னொரு வீடியோ போடேன். இது வியூபாயிண்ட் இல்லை, இவர்கள் களம் என்று. அக்காவையே பேச விடு. என்னைவிட நன்றாகப் பேசுவார்.

அன்புடன்,
பிரிசில்லா

•

கடலூர்,
9 பிப்ரவரி 2025

பிரிசி,

வேலையில் சேர்ந்துவிட்டேன். ஆபீஸ் மாடியிலிருந்து கேப்பர் மலை தெரிகிறது. அங்கே நின்று கெடிலம் ஆற்றைப் பார்த்தபடி, 'உனக்கு வேலை கிடைக்கும் வரை காத்திருப்பேன்' என்று ஒருத்தி சொன்னாள். அந்த ஒருத்தியின் கடிதம் ஹெட்மிஸ்ட்ரஸ் எழுதியது மாதிரி இருக்கிறது.

பாட்டில் உடைத்தவன் நானா? ஒரு மலை ஊருக்குக் குப்பைத்தொட்டி வைக்க வக்கில்லாத அரசாங்கத்தைக் கேள். குடித்துவிட்டு மலையேறும் பணக்கார வீட்டுப் பிள்ளைகளைக் கேள். வீடியோவின் கீழே 'குப்பை போடாதீர்கள்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அக்காவைப் பேச வைத்து இன்னொன்று எடுக்கலாம்தான். கம்பெனியில் இப்போது கேட்க முடியாது. அந்த வீடியோவைப் பார்த்துத்தான் என்னை எடுத்தார்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இடம் பறிபோவதைப் பற்றி எனக்கு நீ பாடம் எடுக்க வேண்டாம். கம்மாபுரத்துப் பக்கம் எங்கள் ஊரே நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போனது. ஏரி, வீடு, புளியந்தோப்பு எல்லாவற்றையும் சேர்த்து அரசாங்க நோட்டீசில் ஒரே சொல்லில் 'தரிசு' என்று எழுதினார்கள். அந்தச் சொல்லைப் படித்துக்காட்டச் சொல்லி அம்மா என்னைக் கேட்டபோது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன்.

சேரன்

•

மேல்தும்பை,
9 மார்ச் 2025

சேரா,

கோபம் இல்லை. நேரமும் இல்லை.

பாறையில் இரும்பு மேடையும் கம்பி வேலியும் போடப் போகிறார்கள். டிக்கெட் உண்டு. களம் கிடையாது. வெள்ளிக்கிழமை ஆபீசர்கள் ஜீப்பில் வந்தார்கள். ஊர்க்காரர்கள் என்னையும் கூப்பிட்டுப் போனார்கள். "தலமுறையா இங்கதான் கதிரடிக்கிறோம்" என்று சொன்னதற்கு ஒரு ஆபீசர் தன் போனை எடுத்து, இறக்கி வைத்திருந்த உன் வீடியோவைப் போட்டார். "பாருங்க டீச்சர், இது அறுப்பு நேரத்துல எடுத்தது. ஒரு ஆள் இருக்கா? இதுல எங்க களம் இருக்கு?"

பட்டம்மாள் அக்கா போனைக் கிட்ட வாங்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நாங்க அந்தாண்ட மரத்தடில நிக்கிறோம் சார். படத்தக் கொஞ்சம் அந்தப் பக்கமா திருப்புங்க, தெரிவோம்."

ஆபீசர் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். அக்கா மட்டும் அவர் திருப்புவார் என்று காத்துக்கொண்டிருந்தார்.

வருகிற 23ஆம் தேதி கிராம சபை. அவர்கள் இருப்பதை நீ முதலில் எடுத்தாயே, கதிரடிக்கிறது, செருப்புக்கு அதட்டியது, வெட்டாத படம், அது வேண்டும். அதைக் கொண்டு வா. வந்து, "நான்தான் ஒதுங்கச் சொன்னேன்" என்று எழுந்து நின்று சொல். இது ஒன்றைத்தான் உன்னிடம் கேட்கிறேன். ஆகஸ்ட் கல்யாணத்துக்கு மண்டபம் பார்ப்பதெல்லாம் அப்புறம்.

கட்டாயம் வா.
பிரிசில்லா

•

சேத்தியாத்தோப்பு,
30 மார்ச் 2025

பிரிசி,

நான் வரவில்லை. 23ஆம் தேதி கம்பெனி என்னைப் பிச்சாவரத்துக்கு அனுப்பியது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வந்தாலும் வெறுங்கையோடுதான் வந்திருப்பேன். அந்தப் படம் இல்லை. கேமரா கார்டில் இடம் போதாமல் போனபோது, உதவாததை அழித்துவிட்டேன். உதவாதது என்று நினைத்தது அவர்களை. மேகத்தை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

டேவிட் ராஜ் தெரிந்த கடைக்கெல்லாம் கார்டைக் கொண்டுபோனான். ஒன்றும் தேறவில்லை. வீடியோவை நேற்று நீக்கிவிட்டேன். வேலை போகும், போகட்டும். ஆனால் இப்போது தேடினால் அதே பாறையில் வேறு வேறு பையன்கள் எடுத்தது வரிசையாக வருகிறது. எல்லோரும் என் தலைப்பையே வைத்திருக்கிறார்கள்.

நீக்குவதற்கு முன்னால் அம்மாவுக்குக் காட்டினேன். முழுக்கப் பார்த்துவிட்டு, "பாறைல வைக்கோலு கெடக்குது, ஆளுங்கள காணமே. எங்கடா நிறுத்துன அவுங்கள?" என்றது. எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள், ஒருத்தர் கண்ணிலும் அந்த வைக்கோல் படவில்லை. அப்புறம் அம்மா சொன்னது: "நம்ம ஊருக்கு அளக்க வந்தவனும் ஒதுங்கித்தான் நிக்கச் சொன்னான். வெயில்ல நிக்கிறானேன்னு மோர் கலக்கிக் குடுத்தேன்."

எங்கள் ஊர் இருந்த பக்கம் இப்போது சுரங்கத்து மண்மேடுதான் மலை. நம் பக்கத்தில் அதைவிட உயரம் எதுவும் இல்லை. சாயங்காலம் அதன் அடிவாரம் வரை போனேன். மேலே பையன்கள் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஏறவில்லை.

ஊருக்கெல்லாம் நியாயம் பேசியவன் நான். என்னைத் திட்டி நாலு பக்கம் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. அடுத்த கூட்டம் எப்போது என்று சொல், வந்து நிற்கிறேன்.

சேரன்

•

மேல்தும்பை,
27 ஏப்ரல் 2025

அன்புள்ள சேரனுக்கு,

நலம். உங்கள் அம்மாவின் நலம் விழைகிறேன். அவர்களை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று இருந்தேன்.

அடுத்த கூட்டம் என்று எதுவும் இல்லை. மேடை போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கேட்டு நான் எழுதிய மனு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, மேடை ஒரே மாதத்தில் நிற்கிறது.

ஈஸ்டருக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது, கல்யாணம் வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. நீங்கள் படத்தை அழித்ததற்காக இல்லை. கார்டில் இடம் இல்லாவிட்டால் யாரும் எதையாவது அழிப்பார்கள். அன்று கூட்டத்தில் படம் இல்லாமலே ஒருவர் எழுந்து நின்றிருந்தால் போதும். அக்கா கடைசி வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வந்துருவாரு டீச்சர், வண்டி பஞ்சராகியிருக்கும்" என்று எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்.

இப்போது கடுக்காயைத் தார் ரோட்டில் காயப்போடுகிறார்கள். கார்கள் மேலே ஏறிப் போகின்றன. நேற்று ஒரு குடும்பம் வண்டியை நிறுத்தி, பள்ளத்தாக்கைப் படம் எடுக்க வேண்டும் என்று, "கொஞ்சம் ஒதுங்கிக்கம்மா" என்றார்கள். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் அக்கா முறத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார். பழகிவிட்டது.

நீங்கள் வந்து நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். மேடை முழுக்க இரும்புத் தகடு. பத்து மணிக்கே கொதிக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே நிற்க முடியாது.

பிரிசில்லா தேவசகாயம்