உன் பாஸ்வேர்டு இன்னும் வேலை செய்கிறது

என் கண்ணான தம்பி குணாவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. அழுது ஓய்ந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். அழுகை ஓய்ந்ததும் கோபம் வந்துவிட்டது. அதோடேயே எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை அரியலூர் போனேன். லாரி ஆபீஸில் கிடந்த உன் கண்ணாடியையும் சாப்பாட்டுக் கேரியரையும் வாங்கி வரச் சொன்னாள் உன் மனைவி. அவள் அந்த வாசலை மிதிக்க மாட்டாளாம். எப்படி மிதிப்பாள்? சிமெண்டு ஏற்றும் டெண்டரில் முதலாளி எழுதவிருந்த லாரி வாடகை எவ்வளவு என்பதை எதிர் கம்பெனிக்கு முன்கூட்டியே மெயிலில் சொல்லிவிட்டாய் என்று, டிரைவர்கள் முன்னால் உன்னைத் துரோகி என்று சொல்லி வெளியே அனுப்பிய வாசல் அல்லவா? "உன் மெயில்லேருந்துதான் போயிருக்கு. பாஸ்வேர்டு உனக்கு மட்டுந்தானே தெரியும்?" என்று கேட்டாராம். அதிலிருந்து மூன்றாம் மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டாய்.

உன் நாற்காலியில் இப்போது கலா என்று ஒரு பெண். எனக்கு டீ வரவழைத்துவிட்டு, பேசிக்கொண்டே மெயிலைத் திறந்தாள். பெயர் கேட்கும் கட்டத்தில் மவுஸை வைத்ததும் உன் பெயர் வந்து விழுந்தது. அதன் கீழே கறுப்புப் புள்ளிகள் தாமாக நிரம்பின. ஒரு தட்டு தட்டினாள், திறந்துகொண்டது.

பாஸ்வேர்டு என்னம்மா என்று கேட்டேன்.

"யாருக்குங்க டீச்சர் தெரியும்? அதுவா வந்துடுது. குணா சார் இருக்கறப்பவே எல்லாரும் இப்படித்தான் பாப்பாங்களாம்."

டீயைக் கீழே வைத்துவிட்டேன், குணா.

பெரம்பலூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் பாயிடம் விளக்கம் கேட்டேன். முதல் தடவை நுழையும்போது, நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா என்று அது கேட்கும். சரி என்று தட்டினால் அந்தக் கம்ப்யூட்டரிலேயே எழுதி வைத்துக்கொள்ளும் என்றார். செட்டிங்கில் ஒரு பட்டியலைத் திறந்து பொத்தானை அழுத்தினார். அவருடைய சொந்தப் பாஸ்வேர்டே எழுத்தெழுத்தாகத் தெரிந்தது. "புள்ளி வெறும் மறைப்புதாங்க டீச்சரம்மா, பூட்டு இல்ல. இந்தப் பட்டியலுக்கே தனியா ஒரு பாஸ்வேர்டு போடலாம். ஆளுக்கொரு லாகினும் வச்சுக்கலாம். யாரு செய்யறா?"

முகம் பார்க்காமல் வருகை எடுத்தால் கடைசி பெஞ்சிலிருந்து எவனாவது வராதவனுக்கும் 'உள்ளேன் டீச்சர்' என்பான். உங்கள் கம்ப்யூட்டரும் முகம் பார்க்காத வாத்தியார்தான். லோடுக்குக் காத்திருந்து கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க உட்காரும் டிரைவரும் அதற்குக் குணாதான். ஆயுதபூஜைக்கு அதற்குச் சந்தனம் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அறைக்குள் போவீர்களே. ஆளுக்கொரு லாகின் வைக்க ஒருவருக்குமா தோன்றவில்லை?

நேற்று முதலாளியிடமே போய் இதைச் சொல்லி, உன் மேல் போட்ட பழியைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கேட்டேன். "செத்துப்போனவருக்கு இனிமே எதுக்குங்க டீச்சர் இதெல்லாம்?" என்றார்.

"செத்துப்போனவன் பேர்லதான் தெனமும் மெயில் தொறக்குறீங்க. அது மட்டும் எதுக்கு?" என்றேன். போன் பேச எழுந்து போய்விட்டார்.

அவர் மேல் உள்ளதைவிட என் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். "நான் அனுப்பலக்கா" என்று என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். முப்பது வருடம் பிள்ளைகளை விசாரித்த மிடுக்கில் நான் சொன்னேன்: "செஞ்சிருந்தா ஒத்துக்க. மன்னிப்பு கேட்டு முடிச்சுடு." நீ சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டாய். அந்த நாற்காலியில் வேறு யாரெல்லாம் உட்காருவார்கள் என்று கேட்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

வருகிற திங்கட்கிழமை காலை, வண்டிகள் வரிசை கட்டும் நேரத்துக்குப் போகிறேன். அதே டிரைவர்களில் ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்து, எல்லார் எதிரிலும் உன் மெயிலைத் திறக்கச் சொல்வேன். இதை வைத்து நீ அனுப்பவில்லை என்று எப்படிச் சொல்வது என்பார் முதலாளி. நீதான் அனுப்பினாய் என்று எதை வைத்துச் சொன்னார்? உன்னைத் துரோகி என்றது தப்பு என்று அவர் வாயால், அவர்கள் காது கேட்கச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த திங்களும் போவேன். பென்ஷன்காரிக்கு வேறென்ன வேலை?

அதற்கு முன் நான் சொல்லிவிடுகிறேன். நீ அனுப்பவில்லை, குணா.

உன்னிடம் அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டிய,
உன் பெரியக்கா