இரண்டு அறைக்கும் ஒரு சாவி

ஆச்சி,

காலையில் மீனா பெட்டிச் சாவியைத் தேடி, பழைய சாவிகள் கிடக்கும் தகர டப்பாவைத் தரையில் கவிழ்த்தாள். புதுக்கோட்டை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவளுக்கு அவசரம். உருண்டு வந்து என் காலில் இடித்தது உங்கள் அறைச் சாவியின் தலை. வளையம் மட்டும் இருக்கிறது, பல் இல்லை. "இத எதுக்கு ஆத்தா வச்சிருக்கீங்க? எதுக்கும் ஆகாதே" என்றாள். அவளுக்கு எப்படி நினைவிருக்கும், அது முறிந்தபோது என் மகளுக்கு நாலு வயசு. அவள் கிளம்பிய பிறகு பால் பொங்கி அடுப்பை அணைத்ததுகூடத் தெரியாமல் வாசலுக்கும் முற்றத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். உங்கள் காரியமெல்லாம் முடிந்து மாதம் ஒன்று ஆகிவிட்டது. இன்னும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அண்ணன் மனைவி நீங்கள், தம்பி மனைவி நான். இருவர் வீட்டுக்காரர்களும் மலாயாவில். முற்றம் ஒன்று; ஆனால் கல்யாணமான பிள்ளை ஒவ்வொருவருக்கும் தனி அறை, தனி அடுப்பு, தனிப் பூட்டு என்பது எங்கள் வழக்கம். அந்தக் கோடையில் இருவரும் முற்றத்தில் வற்றல் காயப் போட்டிருந்தோம். திடீரென்று மழை வந்தது. நீங்கள் உங்கள் பாயை மட்டும் சுருட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் என் வற்றல் கூழாகிக் கிடந்தது. அன்றோடு பேச்சு நின்றது. இப்போது நினைத்தாலும் அந்த வற்றலுக்காக எனக்குக் கோபம் வருகிறது ஆச்சி, மறைப்பானேன்.

பேச்சு நின்றதே தவிர வேலை நிற்குமா? எல்லாம் மீனா வழியாக நடந்தது. "மீனா, ஒன் ஆத்தாகிட்டச் சொல்லு, பால்காரன் வந்துட்டுப் போயிட்டான்னு" என்பீர்கள், நான் பக்கத்தில் நிற்கும்போதே. "பெரியாத்தாகிட்டச் சொல்லு, எனக்கும் காது இருக்குன்னு" என்பேன் நான். அவள் இருவருக்கும் நடுவில் நின்று அப்படியே ஒப்பிப்பாள்.

ஆடி வெள்ளி. கோயிலுக்குக் கிளம்பிய நீங்கள் சாமிக்கு விளக்கேற்றி வைத்துவிட்டு அறையைப் பூட்டினீர்கள். மீனா உங்கள் கட்டிலுக்கு அடியில் தூங்குவது உங்களுக்குத் தெரியாது. நான் பிள்ளையைக் காணோமென்று கிணற்றடிக்கு ஓடி, ஊருணிக் குளத்துக்கு ஓடி, திரும்பி வந்தபோது உங்கள் கதவுக்குப் பின்னாலிருந்து அழுகை கேட்டது. கோயிலுக்குப் பூப் பறித்துக்கொண்டு அப்போதுதான் வாசலைத் தாண்டப் போன நீங்களும் கேட்டு ஓடி வந்தீர்கள். பதறிப்போய்ச் சாவியைப் போட்டுத் திருகினீர்கள். பாதித் திருப்பத்தில் படக்கென்று முறிந்து, வளையம் உங்கள் கையோடு வந்துவிட்டது.

உள்ளே ஜன்னல் கிடையாது. தரையோடு தரையாக விளக்கு எரிகிறது. பிள்ளை உடுத்தியிருந்தது கால் வரை புரளும் பாவாடை. கொண்டை ஊசியை உருவிப் பூட்டுக்குள் குத்தினேன்.

"மீனா, ஒன் ஆத்தாகிட்டச் சொல்லு, குத்துனா துண்டு உள்ள போயிரும்னு."

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அழுகையோடு வந்தது: "ஆத்தா, குத்துனா உள்ள போயிருமாம்."

"பெரியாத்தாகிட்டச் சொல்லு, வேடிக்க பாக்காம எண்ணெ கொண்டாரச் சொல்லி!"

"பெரியாத்தா, எண்ணெ கொண்டாரணுமாம்."

இப்போது சிரிப்பாக இருக்கிறது. அன்று இருவருக்கும் அது வேடிக்கையாகவே படவில்லை. நீங்கள் விளக்கெண்ணெய் கொண்டு வந்து திரியால் தொட்டுப் பூட்டுக்குள் விட்டீர்கள். "மீனா, வெளக்குப் பக்கம் போகாதேம்மா" என்று கூப்பிட்டீர்கள். பதில் இல்லை. நானும் கத்திக் கூப்பிட்டேன். உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"ஆச்சி, பிள்ள பேசலையே ஆச்சி!"

"சாலா, அழாத. இன்னொரு ஊசியக் குடு. கதவ இங்கிட்டு இழுத்துப் புடி."

நான் கதவை இழுத்துப் பிடிக்க, நீங்கள் முறிந்த துண்டின் இரு பக்கமும் ஊசிகளைச் செருகினீர்கள். பல் குறுக்கே திரும்பி நின்றது. அதை நேராக்கினால்தான் வெளியே வரும். நான் அவசரப்படுத்த, "வாய மூடு" என்று அதட்டினீர்கள். துண்டு மெல்லத் திரும்பி, எண்ணெயோடு வழுக்கி உங்கள் உள்ளங்கையில் விழுந்தது.

துண்டு வந்ததே தவிரக் கதவு திறக்கவில்லை. மாற்றுச் சாவி உங்கள் வீட்டுக்காரரோடு மலாயாவில். என் இடுப்பில் செருகியிருந்த சாவியைப் பார்த்தீர்கள். "ஒன் சாவியப் போட்டுப் பாரு" என்றீர்கள். என் அறைச் சாவி உங்கள் பூட்டுக்கு எப்படிச் சேரும் என்று திட்டிக்கொண்டேதான் போட்டேன். வெண்ணெயில் இறங்கியதுபோலத் திரும்பியது. மாமனார் இரண்டு பூட்டையும் ஒரே கொல்லரிடம் ஒரே அச்சில் செய்து வாங்கியிருக்கிறார். இத்தனை வருஷமாக ஒருத்திக்கு எதிராக ஒருத்தி பூட்டிக்கொண்டிருந்தோம், ஒரே சாவியால்.

மீனா விளக்கின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். உங்கள் மாவுருண்டை டப்பா திறந்து கிடந்தது. வாய் கொள்ளாமல் அடைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாமல் முழித்தாள். நான் அடிக்கக் கை ஓங்கினேன். நீங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு ஓவென்று அழுதீர்கள். நீங்கள் அழுது நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

புதுச் சாவி செய்யச் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, "இருக்கிற ஒண்ணு போதும்" என்றீர்கள். அதன் பிறகு தினமும் "சாலா, சாவி குடு" என்று வந்து நிற்பீர்கள். சண்டை போடாமலா இருந்தோம்? நன்றாகவே போட்டோம். அந்த நாட்களில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுவீர்கள். ஆனால் வாய் திறந்து கேட்காமல் நான் கொடுக்கமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் பொழுது சாய்வதற்குள் எந்தச் சண்டையும் முடிந்துவிடும்.

சாவி இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது. கேட்க ஆளில்லாமல் அது உறுத்துகிறது. நேற்று முற்றத்தில் வற்றல் போட்டிருந்தேன். சாயங்காலம் மழை இறங்கியது. ஓடிப்போய் என் பாயைச் சுருட்டிக்கொண்டு, உங்களுடையதையும் எடுத்துவிடலாம் என்று உங்கள் பக்கம் திரும்பினேன் ஆச்சி. அங்கே வெறும் தரை நனைந்துகொண்டிருந்தது.