பயிற்றுநரின் விசில்

இன்று காலை, திருநீறு பூசிய கையோடு உமது விசிலைத் தொட்டுப் பார்த்தேன். அதன் வாய் உலர்ந்திருந்தது. அதனாலேயே இம்மடலை எழுதுகிறேன்.

நம் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் முதற் பயிற்றுநர், பாதிரியாரான குருநகர்ச் சுவாமியார். மாற்றலாகிப் போன அன்று, மாணவர் சூழ்ந்து நிற்க, தம் விசிலைக் கழற்றி, அடுத்த பயிற்றுநரான உமது கழுத்தில் இட்டார். "போறவர்தான் போட்டுவிட வேணும். அவர் செத்துப்போனால் வீட்டுக்காரர் போட வேணும். தானாய் எடுத்துப் போடக் கூடாது" என்றார். மாணவர் அதை மறைமொழியாகவே கொண்டனர்.

பிறகு ஒரு மாலை நீர் விசிலைக் கூடைக் கம்பத்து ஆணியில் மாட்டினீர். "காங்கேசன்துறைக்குப் போயிட்டு வாறன் அண்ணை, பெடியளைப் பாருங்கோ" என்று என்னிடம் சொல்லிச் சைக்கிளில் ஏறினீர். நீரும் திரும்பவில்லை; சைக்கிளும் கிடைக்கவில்லை.

பந்தைத் தொட்டறியாத சமயபாட ஆசிரியனான என்னை அதிபர் பயிற்றுநராக்கினார். விசிலை எடுக்கப் போனேன். உமது மனைவி கம்பத்தை மறித்து நின்றார்.

"அவர் வந்து போடுவார் அண்ணை. அதுவரைக்கும் கை தட்டுங்கோ."

அவர் கையால் நான் அதை ஏற்றால், நீர் இறந்தீர் என்றாகிவிடும். ஆகவே கை தட்டினேன்.

"சேர், இது விளையாட்டோ, பசனையோ?" என்று மாணவர் சிரித்தனர்.

வெயில் காய்ந்த ஒரு காலையில் தூசி தட்ட விசிலை எடுத்தேன். அப்போதுதான் யாரோ ஊதிவிட்டு மாட்டியதுபோல் அதன் வாய் ஈரமாயிருந்தது. மறுநாளும் அவ்வாறே. ஒருவரும் தொடவில்லை என்று மாணவர் சத்தியம் செய்தனர். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பூட்டிய பெட்டிக்குள்ளும் ஈரம். எச்சில் தீட்டென்று கைகழுவினேன்; கழுவும்போதே உள்ளம் குளிர்ந்தது. உடல் நீங்கிய உயிரின் மூச்சு எங்கே செல்லுமென்று ஆகமங்களில் தேடியவன் நான். இந்த மூச்சுக்கு அங்கே விடை இல்லை.

சேதி அறிந்த உமது மனைவி நாள்தோறும் என் வீட்டுப் படலையில் நின்று கேட்பார்.

"ஈரமோ அண்ணை?"

"ஓம் பிள்ளை."

பொட்டைத் திருத்திக்கொண்டு போவார்.

சண்டைக்கு அஞ்சி வலிகாமமே தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது விசிலை மடியில் முடிந்துகொண்டு நடந்தேன். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறோம். அடுத்த வகுப்பறையில் உமது மனைவி. இங்கேயும் காலைதோறும் அதே கேள்வி, அதே விடை.

இன்று அவர் கேட்கவில்லை. நான் வாய் திறக்குமுன்னமே, நெற்றியில் பொட்டில்லாமல் வந்து நின்றார். உலர்ந்த விசிலை வாங்கிக் கன்னத்தில் வைத்தார்.

"பெடியளைக் கூப்பிடுங்கோ அண்ணை."

எஞ்சியிருந்த மாணவர் கிணற்றடியில் கூடினர். ஒருவரும் சிரிக்கவில்லை. உமது மனைவி தம் கையாலேயே அதை என் கழுத்தில் இட்டார்.

இப்போது மாலை. விசில் என் வெறும் மார்பில் கிடக்கிறது. இன்னும் என் உதடு அதைத் தொடவில்லை. ஆயினும் அதன் வாய் படும் இடத்தில் திருநீறு நனைந்து கரைந்துகொண்டிருக்கிறது. தீட்டென்று நான் கழுவவில்லை.