வெட்டி எடுத்த நாலு நொடி

ஜூன் 15, ஞாயிறு

பெரம்பலூரில் குதிரையேற்றப் பயிற்சி. எட்டுத் தடையில் ஏழு தடையை என் மகள் ஷைமா சுத்தமாகத் தாண்டினாள். எட்டாவதில் பிஸ்தாவின் பின்னங்கால் பட்டுக் கட்டை விழுந்தது. குதிரை அதை அப்போதே மறந்து புல் மேயப் போய்விட்டது. ஷைமாதான் லப்பைக்குடிக்காடு வரும்வரை பஸ்ஸில் தடைகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அவளுடைய தப்பு நோட்டில் 'எட்டாவது தடை, என் தப்பு' என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டாள். கோடு கோணலாம். கிழித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

பதிமூன்று வயதில் இந்த வீம்பு யாரிடமிருந்து வந்தது? சந்தேகமென்ன, அவளைப் பெற்ற அத்தா வழிதான்.

ஜூன் 16

நேற்றைய பக்கத்தில் டீ சிந்திவிட்டது. புது டைரி வாங்கி, ஜனவரியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்து எழுதி முடித்தேன். இப்போதுதான் லட்சணமாக இருக்கிறது. கை கழன்றுவிடும்போல் வலி.

ஜூன் 22

துபாயிலிருந்து இவர் வீடியோ காலில் பேசினார். இஸ்திரி போட்ட சட்டை, பின்னால் அதே வெள்ளைச் சுவர். கம்பெனி தனி அறை கொடுத்திருக்கிறதாம், மனிதர் அந்தச் சுவரை விட்டு நகர்ந்தால்தானே.

"எம் மவ இதுவரைக்கும் ஒரு கட்டையத் தட்டியிருக்காளா? பாக்குறவங்கிட்டல்லாம் சொல்லிக்கிட்டிருக்கேன், மாஷா அல்லாஹ்!"

ஷைமா போனை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இவருக்கு எப்படித் தெரியும்? கட்டை விழுகிற நாலு நொடியை வெட்டிவிட்டுத்தானே வீடியோவை அனுப்புகிறேன். கடல் கடந்து கிடக்கிற மனுஷனுக்கு எதற்கு வருத்தம்? இது பொய் இல்லை. சுருக்கம்.

ஜூலை 9

பயிற்சியாளர் முத்தமிழ்செல்வன் சார் கூப்பிட்டார். "புள்ள முன்னாடி பாத்து ஓட்டலைங்கம்மா. எந்தக் கட்டை விழப்போவுதுன்னு பாத்துக்கிட்டே வருது. அந்தப் பயம் குதிரைக்கும் தெரிஞ்சிடும். அரியலூர் போட்டிக்கு முன்னாடி வூட்டுல கொஞ்சம் பேசுங்க."

பேசினேன். தப்பு எல்லாரும் செய்வதுதான், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை என்று அரைமணி நேரம் பேசினேன். நானே அசந்துபோகிற அளவுக்கு நன்றாக வந்தது. ஷைமா என் முகத்தைப் பார்க்காமல் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன்?

ஜூலை 18

சோறு பாதி தட்டிலேயே கிடக்கிறது. தப்பு நோட்டு மூன்றாவது.

ஜூலை 27

"எனக்குக் குதிரையே வேணாம்மா."

ஏன்டி என்று கேட்டதும் வெடித்துவிட்டாள். "அத்தா போன்ல இருக்குற ஷைமா ஒரு தடவகூடத் தட்டுனதில்ல. அவ மாதிரி என்னால ஓட்ட முடியல. அத்தா அவளத்தானே எல்லார்கிட்டயும் சொல்றாங்க?"

யா அல்லாஹ். யார் யாரையெல்லாம் குறை சொன்னேன் — இவரை, சாரை, அந்த வாயில்லாப் பிஸ்தாவைக்கூட. வெட்டுனது யாரு? நாந்தானே? கட்டைய வெட்டறதா நெனச்சுக்கிட்டு எம் புள்ளையவே வெட்டிப்புட்டேனே!

ஒரே ஒரு போட்டியில ஓட்டு, என்ன ஆனாலும் முழுசா அனுப்புறேன் என்றேன்.

"நீயா? அனுப்ப மாட்டே."

ஆகஸ்ட் 3

அரியலூர். பஸ் நிறைய ஆடிப்பெருக்குக் கூட்டம். இரண்டு கட்டை விழுந்தது. ஏழு பேரில் ஆறாவது இடம்.

வீடியோவைத் திறந்ததும் விரல் தானாக வெட்டுகிற பட்டனுக்குப் போனது. ஷைமா பக்கத்திலேயே நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு முழுசாக அனுப்பினேன். "ஐயோ, போச்சு!" என்று நான் கத்தியதும் அதில் இருக்கிறது, இரண்டு தடவை.

ஆகஸ்ட் 4

இவர் வீடியோவைப் பார்த்துவிட்டார். பதில் இல்லை. ஷைமா என் போனை எடுத்து எடுத்துப் பார்த்து வைத்தாள். கேட்டிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 5

காலையில் இவரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. வெள்ளைச் சுவர் இருக்கிறது, ஒரு கதவு அகலம்தான். அதையொட்டி அடுக்குக் கட்டில் நாலு. கயிறு முழுக்கக் கைலி. கீழ்க்கட்டிலில் இவர், கிழிந்த பனியனோடு. பன்னிரண்டு வருஷமாக அந்தச் சுவரை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

பின்னாலேயே குரல் வந்தது. "ரெண்டாவது கட்டை விழுந்தப்பறமும் நிறுத்தாம ஓட்டுனா பாரு, அத ரூம்ல எட்டுப் பேரும் திரும்பத் திரும்பப் பாத்தோம்."

ஷைமா போட்டோவைப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்தாள். "அத்தாவுக்குக் கீழ்க்கட்டிலா? நல்லவேளை, விழுந்தாலும் அடிபடாது" என்று சிரித்தாள். சிரித்து எத்தனை நாளாயிற்று. அப்புறம், "நாளைக்கு டிரெய்னிங் எத்தன மணிக்கும்மா?" என்றாள்.

எனக்குத்தான் அழுகை வந்து இந்தப் பக்கம் நனைந்துவிட்டது. இதைப் புது டைரியில் பார்த்து எழுதப்போவதில்லை.