ஒப்பாரிக்குப் பைலா

2025 பெப்ரவரி 3
ஹட்டன் மருந்துக்கடையில் என்னோடு வேலை செய்யும் நிலக்ஷி, சுமனின் புது ஆல்பத்தை ஃபோனுக்கு அனுப்பினாள். "கேட்டுப் பாருடி, லூசுப்பய வேல." சுமன் எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷன் ஆள். இடுப்பில் கொழுந்து பறிக்கும் பெண்களைப் போலப் படங்குச் சாக்கு கட்டி மேடையேறுவான். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் முதுகைக் கிட்டார் கம்பியில் இழுப்பான். முதல் பாட்டு தப்பு மேளத்தில் தொடங்கி, சர்ச் ஆர்கனுக்குத் தாவி, காது கிழியும் கிட்டாரில் முடிகிறது. பிடித்ததா? தெரியவில்லை. ஆனால் நிறுத்த முடியவில்லை.

பெப்ரவரி 4
ஐந்தாவது பாட்டு ஒப்பாரி. அடியில் கல்யாண வீட்டில் ஆடவைக்கும் பைலாத் தாளம்! ஒருத்தி செத்த புருஷனைத் திட்டுகிறாள், பஸ்ஸில் என் கால் தாளம் போடுகிறது. எங்கிருந்து வந்தது இவனுக்கு இந்தத் துணிச்சல்? சிரித்துவிட்டேன். பக்கத்து சீட் அக்கா முறைத்தார்.

பெப்ரவரி 6
அது அம்மாவின் குரல்.

பெப்ரவரி 7
சாவு விழாத வீட்டில் ஒப்பாரி கேட்கக் கூடாது. பஸ் ஹோல்ட்டில் நின்று ஹெட்செட்டில் கேட்டேன்.

"சம்பளத்தக் குடிச்ச கையி
சட்டியத் தட்டிவிட்ட கையி..."

அப்பாவின் சாவு வீட்டில் "என் ராசா" என்றுதானே பாடினாள்? நான் கொழும்புத் துணிக்கடையில் நின்ற வருஷங்களில் இதெல்லாம் நடந்ததா? தீபாவளிக்கு நான் வந்தால் அப்பா கோழி உரிப்பார். எனக்குத் தெரிந்த அப்பா அவ்வளவுதான். இல்ல — சுமன்தான் இந்த வார்த்தைகளைப் புகுத்தியிருப்பான். கேக்காம விடமாட்டேன்.

பெப்ரவரி 9
பஸ் ஸ்டாண்டில் அவனைப் பிடித்தேன்.

"ஒரு சொல்லுகூட என்னோடது இல்லங்க. ஒங்க அம்மாதான் கூப்புட்டு விட்டாங்க. சாவு வீட்டுல நெசத்தப் பாட முடியல, இப்பப் பாடுறேன்னாங்க. தேயில மலையில வச்சு எடுத்தோம்."

"பைலா?"

"அதும் அவங்க கேட்டதுதான். அழுவுற மாதிரி வேணாம்னாங்க."

என் பஸ் போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

பெப்ரவரி 14
கோயில் கூட்டம். பக்கத்து வீட்டுச் சிவசாமிதான் தலைவர். "செத்தவன ஏசிப் பாடுன பொம்பள யாருன்னு சொல்லு. இல்லாட்டி கோயில் காமன் கூத்துக்குக் கிட்டாரத் தூக்காத," என்றார். சுமன் வாய் திறக்கவில்லை. நானும்தான். அம்மா தரையைப் பார்த்தபடி இருந்தாள். பெயர் வெளியே வந்தால் இந்த லயத்து வீடுகளில் அவளை யார் மதிப்பார்கள்? எனக்குப் பயமாக இருக்கிறது.

பெப்ரவரி 15
திரும்பவும் அந்தப் பாட்டு. அம்மா மூச்சு வாங்கும் இடத்தில் சுமன் எல்லா வாத்தியத்தையும் நிறுத்துகிறான். மூச்சு மட்டும் கேட்கிறது. பிறகு பைலா குதிக்கிறது. அம்மா ஆடி நான் பார்த்ததே இல்லை. ஆசை இருந்திருக்குமோ?

பெப்ரவரி 16
அம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"சுமன் பாட்டு ஒன் ஃபோன்ல இருக்கா?"

"இருக்கு."

"போடு."

"வீட்டுக்குள்ளயா?"

"போடுன்னு சொல்றேன்ல."

போட்டேன். மாவுக் கையோடு கடைசிவரை கேட்டாள். அழவில்லை.

"மறுபடி போடு. சத்தத்தக் கூட்டு. செவசாமி அண்ணனுக்கும் கேக்கட்டும்."

கூட்டினேன்.