பனியில் விழுந்த முதுகு

மாப்ளே,

தபாலில் வந்த தீர்ப்பை வைப்பதற்காக இன்று காலை தங்கச்சி உன் ரெக்சின் பையைத் திறந்தாள். குப்பென்று உன் வலித்தைல வாடை. நீயே பைக்குள்ளிருந்து எழுந்து வருகிற மாதிரி இருந்தது. அதற்கப்புறம் என்னால் சும்மா உட்கார முடியவில்லை. எனக்குத்தான் எழுத்துக் கூட்டத் தெரியாதே! நான் சொல்லச் சொல்ல தங்கச்சிதான், உன் பெண்டாட்டிதான் எழுதுகிறாள். "ஓடாதீங்கண்ணே, எனக்குக் கை ஒண்ணுதான் எழுதும்" என்று இப்போதே வைகிறாள்.

ஜெயித்துவிட்டாயடா! இரண்டு அப்பீலிலும் தள்ளிவிட்ட ஊன பென்ஷனை மெட்ராஸ் தீர்ப்பாயம் கொடுக்கச் சொல்லிவிட்டது. நீ போய்ச் சேர்ந்த பிறகும் விடாமல் இவள் நடத்திய வழக்கு. எப்படி ஜெயித்தோம் என்று உனக்கு நான்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் உனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்திருக்கிறேன்.

நீ லீவில் வந்து இறங்கிய அன்று கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் சைக்கிளோடு நின்றேன். தஞ்சாவூர் பஸ்ஸிலிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினாய். உன் கூடவே பட்டாளத்திலிருந்து வந்தவர் ஒருவர் மேலே நின்று தகரப் பெட்டியை என்னிடம் நீட்டினார்.

"அண்ணே, பெட்டிய நீங்க தூக்குங்க. அவரு முதுகுல ஏத்திப்புடாதீங்க, பனியில விழுந்த முதுகு."

பஸ் நகர்ந்தது. ஜன்னலில் தலையை நீட்டி, "நான் பொன்னமராவதி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால எண்ணெய்க் கடை எங்க அப்பாருது. அங்கிட்டு வந்தா வாங்க!" என்று கத்திக்கொண்டே போனார்.

என்னடா இது என்று கேட்டேன். மலைக் காவலில் பனி வழுக்கிப் பாறையில் விழுந்ததைச் சொன்னாய். "டாக்டர்கிட்ட போனா லீவை நிறுத்திப்புடுவாங்க. அவன்தான் தூக்கிவிட்டு, ரெண்டு நாள் என் டூட்டியையும் சேத்துப் பாத்தான். மேல தெரிஞ்சா அவன் வேலை போயிரும். வாயத் தொறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு." நடுரோட்டில் உன் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

லீவை ஏன் விடவில்லை என்று நான் கேட்கவில்லை. உன் அக்கா மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காராத பிள்ளைக்கு நம் பக்கத்தில் யார் காது குத்துவார்கள்?

திருவரங்குளத்துக்கு அந்தப் பக்கம் உன் அக்கா வீட்டுக் குலசாமி கோயிலில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆசாரி ஊசியை எடுத்ததும் அவன் உதைத்த உதையெல்லாம் உன் இடுப்பில்தான் விழுந்தது. நீ சிரித்துக்கொண்டே இருந்தாய். காது குத்தியாயிற்று, பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நீ எழவில்லை.

"எந்திரி மாப்ளே, பந்தி போட்டாச்சு" என்றேன்.

"நீ போய்ச் சாப்புடு. நான் செத்த நேரம் இப்புடியே இருக்கேன்" என்றாய். சட்டை முழுக்க வேர்வை. அப்படியே தூக்கி வாடகைக் காரில் போட்டுப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

பிறகு பட்டாளத்து மெடிக்கல் போர்டில் வலி எங்கே பிடித்தது என்று கேட்டார்கள். "காதுகுத்துல, சார்" என்றாய். அந்த ஒரு வார்த்தைதான் உன் பைலில் ஏறி உட்கார்ந்துகொண்டது. லீவில், வீட்டு விசேஷத்தில் வந்த நோவு, படைப்பணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? டீக்கடையில் உனக்குப் பேரே வைத்தார்கள், 'காதுகுத்துல இடுப்பொடிஞ்ச பட்டாளத்தான்' என்று. நீயும் கூடச் சிரிப்பாய். வீட்டுக்கு வந்து அந்த வரியைத் திரும்பத் திரும்ப எனக்குப் படித்துக் காட்டுவாய். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் உனக்கு வந்த கடிதமெல்லாம் எனக்கு மனப்பாடம். முதல் அப்பீலில் அதே வரி திரும்பி வந்தது. இரண்டாவதில் 'விபத்தை நேரில் கண்ட சாட்சி எவரும் இல்லை' என்று கூடுதலாக ஒரு வரி.

"அந்தப் பொன்னமராவதி ஆளைச் சொல்லேன்டா" என்றேன்.

"எனக்கு முதுகுதான் போச்சு. அவனுக்குப் பொழப்பே போகணுமா?"

"இந்நேரம் ரிட்டயர் ஆயிருப்பாரு."

"அப்ப பென்ஷனைப் புடிப்பாங்க. செஞ்ச சத்தியம் ஞாபகம் இருக்கட்டும்."

இருந்தது மாப்ளே. நீ இருந்த வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

உன் காரியமெல்லாம் முடிந்த பிறகு நம் வழக்கை நடத்திய வக்கீல் அம்மா கையை விரித்தார். பார்த்தவர் ஒருவராவது வேண்டும், இல்லையென்றால் இதுவும் தோற்கும் என்றார். தங்கச்சி என் முன்னால் வந்து நின்று, "பணம் வந்தா வருது, வராட்டிப் போகுதுண்ணே. அந்த வரியோடயே அவரு போயிட்டாரே" என்றாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பொன்னமராவதிக்கு ஏறிவிட்டேன்.

எண்ணெய்க் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. போர்டு படிக்கத் தெரியாதவனுக்கு வாய்தானே வழி? கேட்டுக் கேட்டுப் பின்தெருவில் வீட்டைப் பிடித்தேன். தலை முழுக்க நரைத்த ஒருவர் வந்து, "யாருங்க?" என்றார்.

"பெட்டிய நீங்க தூக்குங்க, பனியில விழுந்த முதுகுன்னு சொன்னீங்களே..."

"அட, சைக்கிள்காரரா! வாங்க வாங்க! எப்புடி இருக்காரு?"

சொன்னேன். போனதையும் சொன்னேன், அவர் வேலைக்காக நீ கடைசி வரை வாயைத் திறக்காததையும் சொன்னேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னைக் காப்பாத்தவா இம்புட்டு வருசம்? ஒரு கார்டு போட்டிருந்தா ஓடியாந்திருப்பேனே! டூட்டி மாத்திக்கிட்டதுக்கு என்னங்க, ரெண்டு வசவு விழுந்திருக்கும். யாரு வேலையப் புடுங்குவா?"

மாப்ளே, அந்த நிமிஷம் நீ கையில் கிடைத்திருந்தால் இரண்டு அறை விட்டிருப்பேன். இதை எழுதும்போது தங்கச்சி பேனாவை வைத்துவிட்டு, "எம் பங்குக்கும் ரெண்டு போட்டு நாலுன்னு எழுதிக்கிறேன்" என்கிறாள். சிரிக்கிறாள். கண்ணையும் துடைத்துக்கொள்கிறாள்.

அவர் மெடலையெல்லாம் குத்திக்கொண்டு மெட்ராஸுக்கு வந்தார். நீ விழுந்தது, தான் தூக்கியது எல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். அந்த இரண்டு நாள் டூட்டி லிஸ்ட்டைக் கொண்டுவாருங்கள் என்று தீர்ப்பாயம் கேட்டது. வந்தது. உன் பேரை அடித்துவிட்டு, மேலே அவர் பேர்! நீ எதை மறைத்தாயோ அதுவே வந்து உனக்குச் சாட்சி சொன்னதடா!

ஆமாம், சத்தியத்தை மீறிவிட்டேன். உன்னைக் கேட்காமல் மீறினேன். நான் அங்கே வரும்போது நீ எப்படி வேண்டுமானாலும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் வருத்தப்பட மாட்டேன்.

தீர்ப்பு இங்கிலீஷில் இருந்தது. வக்கீல் அம்மா போனில் தமிழில் சொன்னார். மூன்று தடவை சொல்லச் சொன்னேன். இப்போது யாரும் படித்துக் காட்டாமலே சொல்வேன்: "இவருடைய முதுகில் ஏற்பட்ட காயம் படைப்பணியில் ஏற்பட்டது, படைப்பணியால் ஏற்பட்டது." காலையிலேயே டீக்கடையில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன்.  இன்னொரு தடவையும் சொன்னேன்.

காகிதத்தைக் கரையான் தின்னலாம். என்னைத் தின்ன இன்னும் நாள் இருக்கிறது.